நாற்பத்தேழு வால்வுகளும் ஒரு ராம்ப்பும்

ஸ்ரீரங்கம் வடக்குச் சித்திரை வீதியில் நாங்கள் தோண்டிய குழியிலிருந்து மூன்று அடுக்குத் தாரும், இடது கால் ஹவாய் செருப்பு ஒன்றும், இரண்டாக அறுந்த கேபிள் டி.வி. ஒயரும் வெளியே வந்தன. வர வேண்டியது ஒரு குடிநீர் வால்வு. அது வரவில்லை.

ஒயர் அறுந்ததை முதலில் யாரும் கவனிக்கவில்லை. வீதியின் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கதவுகள் திறந்து, வாசலுக்கு ஒருவர் கையில் ரிமோட்டோடு வந்து நின்றபோதுதான் புரிந்தது. காலை பதினொரு மணி. சீரியல் மறுஒளிபரப்பு நேரம். நாளிலேயே மிக மோசமான நேரத்தில் மிகச் சரியான இடத்தில் கடப்பாரையைப் போட்டிருந்தோம்.

என் பெயர் டெல்பின். திருச்சியில் ஒரு கல்லூரியின் புவியியல் துறையில் தற்காலிக விரிவுரையாளர். தற்காலிகம் என்றால், ஒவ்வொரு மே மாதமும் வேலை போகும். ஜூனில் திரும்பி வரலாம், வராமலும் இருக்கலாம். இந்த வருடம் துறைத்தலைவர் செபஸ்தியான் சார் ஒரு வழி கண்டுபிடித்தார். ஜி.ஐ.எஸ். சான்றிதழ் படிப்பு ஒன்று தொடங்குவது. கல்லூரியின் பாடத்திட்டக் குழு ஒப்புக்கொண்டால் மூன்று வருடத்துக்கு அதை நடத்துவது நான். ஒப்புக்கொள்ளாவிட்டால், மே மாதத்திலிருந்து நான் மன்னார்புரம் வீட்டில் அம்மாவின் சமையலுக்கு வெங்காயம் நறுக்க வேண்டியதுதான்.

குழுவுக்கு வெளியூரிலிருந்து வந்த நிபுணர் நஸ்ருல்லா சார் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். "ஸ்லைடு எல்லாம் வேணாங்க. ஸ்லைடுல எல்லாமே வேலை செய்யும். தெருவுல வேலை செய்யுதான்னு காட்டுங்க."

ஜி.ஐ.எஸ்., அதாவது புவியியல் தகவல் முறை, ஒன்றும் பெரிய மந்திரம் இல்லை. உலகத்தில் உள்ள எந்தத் தகவலோடும் "எங்கே?" என்ற கேள்விக்கான பதிலைச் சேர்த்துக் கட்டிவைப்பது, அவ்வளவுதான். தொட்டியத்தில் எந்த வாழைத் தோட்டத்தில் வாடல் நோய், திருவெறும்பூரில் எந்தத் தெருவில் மழைநீர் தேங்குகிறது, இப்படி. ஒவ்வொரு தகவலும் ஒரு கண்ணாடித் தாள் மாதிரி. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தால், தனித்தனியாகப் பார்க்கும்போது தெரியாதது தெரியும். தாள்கள் எல்லாம் ஒரே மாதிரி பொருந்தி உட்கார வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. அந்தச் சின்ன நிபந்தனையில்தான் நான் மாட்டினேன்.

எங்கள் தகவல், வால்வுகள். ரோட்டுக்கு மேல் ரோடு போட்டுப் போட்டு, ஸ்ரீரங்கத்து வீதிகளில் பாதி வால்வுகள் தாருக்குக் கீழே போய்விட்டன. வால்வு திறக்க முடியாவிட்டால் கடைசி வீடுகளுக்குத் தண்ணீர் வராது. புதைந்த வால்வு எங்கே என்று தெரியாமல் ரோட்டை உடைக்கவும் முடியாது. இதைவிட நல்ல பாடம் எந்தப் புத்தகத்திலும் கிடையாது.

எந்த வால்வு எங்கே என்று தெரிந்த ஒரே ஆள் செல்லக்கண்ணு. ஐம்பது வயது இருக்கும். தினமும் காலையில் டி.வி.எஸ். ஃபிஃப்டியில் போய் வால்வுகளைத் திறந்து மூடுபவர். வேலைக்குச் சேர்ந்த புதிதில், வால்வுகள் எல்லாம் கண்ணுக்குத் தெரிந்த காலத்தில், தன் மகளின் கிராஃப் தாளில் ஒரு வரைபடம் போட்டு வைத்திருந்தார். ஒரு கட்டத்துக்குப் பத்து அடி; அளவுகோல் அடி இல்லை, நடக்கிற காலடி. நாற்பத்தேழு புள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். நடுவில் ஒரு பெட்டி போட்டு "கோயில்" என்று எழுதியிருந்தார். அதைச் சுற்றி ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று நீள்சதுரங்களாக வீதிகள்: "உத்திரை", "சித்திரை", "அடையவளஞ்சான்". வடக்கு, தெற்கு எல்லாம் எழுதவில்லை. தெரிந்தவருக்கு எதற்கு? தாளின் மேல் ஓரத்தில் "ஆறு". கீழ் ஓரத்திலும் "ஆறு". ஸ்ரீரங்கம் ஒரு தீவு. இரண்டு பக்கமும் ஆறுதான். தப்பே இல்லை.

அந்தத் தாளை நாங்கள் ஸ்கேன் செய்து எடுத்துக்கொண்டோம். பிறகு அவரிடம் எதையும் கேட்கவில்லை. "அவருகிட்ட கேட்டுக் கண்டுபுடிச்சா அது அரட்டை, ஆராய்ச்சி இல்ல. நம்ம முறையே தனியா கண்டுபுடிக்கணும்," என்றார் செபஸ்தியான் சார். எனக்கும் அது மிக உயர்ந்த கொள்கையாகத் தெரிந்தது.

ஸ்கேன் செய்த தாளுக்கு, தான் பூமியில் எங்கே இருக்கிறோம் என்று தெரியாது. அதை நாம்தான் சொல்லித்தர வேண்டும். பந்தலுக்கு மேல்துணி கட்டுகிறவர்கள் செய்வது போலத்தான். துணியின் மூலையை மூங்கிலின் மூலையோடு கட்டுவார்கள். நான்கு மூலையும் கட்டிவிட்டால் நடுவில் துணி தானாக விரிந்து சரியாகும். நாங்களும் செல்லக்கண்ணுவின் தாளில் உள்ள வீதி மூலைகளை, செயற்கைக்கோள் படத்தில் உள்ள வீதி மூலைகளோடு கட்டினோம். மூன்று வீதிகள், வீதிக்கு நான்கு மூலை, மொத்தம் பன்னிரண்டு முடிச்சு. எவ்வளவு இழுவை, எவ்வளவு சுருக்கம் என்று கணக்கிட்டு மென்பொருள் ஒரு சராசரிப் பிழையைச் சொல்லும். எங்களுக்கு வந்தது மூன்றரை மீட்டர். கிராஃப் தாளில் காலடி வைத்து வரைந்த ஒரு படத்துக்கு மூன்றரை மீட்டர்! நான் வகுப்பிலேயே கைதட்டினேன்.

அதோடு விடவில்லை. சரியா என்று நேரில் போய்ப் பார்த்தோம். என் மாணவி தேவதர்ஷினி தலைமையில் எட்டுப் பேர் போனார்கள். எட்டு வால்வுகளைத் தேடினார்கள். எட்டும் வரைபடம் சொன்ன இடத்திலேயே இருந்தன. எட்டும் வீதி மூலைகளில் இருந்தவை. ஏன் மூலையிலேயே தேடினார்கள் என்று நான் அப்போது கேட்கவில்லை. ஒரு மூலையில் நிழல், ஒரு மூலையில் ரோஸ்மில்க் கடை.

இந்தத் தைரியத்தில்தான் குழுவை வடக்குச் சித்திரை வீதிக்கு அழைத்துவந்தோம். அந்த வீதியில் கடைசி ஆறு வீடுகளுக்குப் பல வருடமாகத் தண்ணீர் சொட்டுவதோடு சரி. எங்கள் வரைபடத்தின்படி வால்வு எண் பத்தொன்பது அங்கே ஒரு காலி மனையின் சுவருக்கு முன்னால் புதைந்திருந்தது. முறைப்படி அனுமதி வாங்கி, தோண்ட இரண்டு ஆட்களையும் வைத்துக்கொண்டோம்.

அந்த இடத்தைக் கேட்டதும் மிகவும் சந்தோஷப்பட்டவர் ரங்கநாயகி மாமி. கடைசி ஆறு வீடுகளில் அவருடையதும் ஒன்று. வாசலில் மகனின் கார் ஏறுவதற்காகச் சிமென்ட்டில் ஒரு ராம்ப் போட்டிருந்தார். ராம்ப் என்பது அடக்கமான சொல். ஒரு சின்னக் கப்பலே ஏறலாம்.

"காலி மனை வாசல்லயா? பேஷ்! பேஷ்! நன்னா தோண்டுங்கோ," என்று குழுவுக்கெல்லாம் டிகிரி காபி கொடுத்தார். ஒருவர் தோண்டும் இடத்தைப் பற்றி இவ்வளவு மகிழ்ச்சி அடைந்தால் ஏன் என்று கேட்க வேண்டும். நான் காபியைக் குடித்தேன்.

அரை மணி நேரத்தில் செருப்பு. ஐந்து நிமிடம் கழித்து ஒயர். பிறகு ரிமோட்டுகள்.

நஸ்ருல்லா சார் குழிக்குள் எட்டிப் பார்த்தார். "செருப்பு உங்க மேப்புல இருக்காங்க?"

"இல்லைங்க சார்."

"வால்வு?"

"மேப்புல இருக்கு சார்."

"அப்ப ரெண்டையும் மாத்தி வெச்சுட்டாங்க போல," என்று பையிலிருந்து மதிப்பீட்டுப் படிவத்தை எடுத்தார்.

செபஸ்தியான் சார் என்னைக் காலி மனைச் சுவர் ஓரமாக இழுத்துப் போனார். "டெல்பின், கவனமா கேளுங்க. நம்ம முறையில தப்பு இல்ல. மூலையில எட்டுக்கு எட்டு. பிழை மூணரை மீட்டர். தப்பு அந்த ஆளோட மேப்புல. கையால போட்டது, யாரோ வால்வுக்காரர் போட்டது. மூலத் தரவு சரியில்லன்னு சொல்லிடுங்க. படிப்பும் நிக்கும், நீங்களும் நிப்பீங்க."

நியாயமாகத்தான் தோன்றியது. உண்மையில் நானும் அப்படித்தான் நினைத்தேன். வாயைத் திறப்பதற்குள் டி.வி.எஸ். ஃபிஃப்டியின் சத்தம் கேட்டது.

செல்லக்கண்ணு வண்டியை நிறுத்தாமலே கேட்டார். "என்னங்க மேடம், இங்க போயி தோண்டிக்கிட்டு இருக்கீங்க?"

"உங்க மேப்புப்படிதாங்க அண்ணா. பத்தொன்பதாம் நம்பர்."

"பத்தொன்பது இங்க ஏதுங்க? இங்க இருக்கறது முப்பத்தொண்ணு. அது மாமி வீட்டு வாசல்ல, ராம்ப்புக்கு அடியில கெடக்கு. ஆறு வருஷமா சொல்லிக்கிட்டு இருக்கேன்."

வீதியே மாமியைத் திரும்பிப் பார்த்தது. மாமி காபி டவராவைக் கீழே வைத்தார்.

"ஆமாம், சொன்னே. இந்தக் காயிதத்த ஆட்டிண்டுதானே சொன்னே? இப்ப காலேஜ்காராளே ஒன் காயிதத்த நம்பித் தோண்டினா. என்ன கெடைச்சுது? செருப்பு! ஒன் மேப்போட லட்சணத்த ஊரே பாத்துடுத்து. இனிமே ராம்ப் பக்கம் வந்தியோ, தெரியும் சேதி."

ரிமோட்டோடு நின்றவர்கள் சிரித்தார்கள். செல்லக்கண்ணு சிரிக்கவில்லை. அவர் முகம் சுருங்கியது. ஆறு வருடமாக ஒருவர் சொன்னதை, மூன்றரை மீட்டர் துல்லியத்தோடு நான் பொய்யாக்கியிருந்தேன்.

"கொடுங்க மேடம், அத பாப்போம்," என்று வண்டியிலிருந்து இறங்கி, என் கையிலிருந்த பிரின்ட் அவுட்டை வாங்கினார். அதில் அவருடைய தாள் அப்படியே, செயற்கைக்கோள் படத்தின் மேல் ஒட்டி இருந்தது. அவர் நின்ற இடத்திலேயே கோயில் பக்கம், அதாவது தெற்கே, திரும்பி நின்றுகொண்டு படத்தைப் பார்த்தார். புருவம் நெரிந்தது. என் பக்கம் திரும்பி, "மேடம், நீங்க எந்தப் பக்கம் பாத்து நின்னு பாத்தீங்க?" என்றார்.

"மேப்புல மேல வடக்குங்க. எப்பவுமே."

"நான் எங்கங்க வடக்குன்னு எழுதினேன்? காலைல நான் கொள்ளிடத்துப் பக்கம் டேங்க்ல இருந்து கெளம்புவேன். அங்கருந்து காவேரிய பாத்து வருவேன். எனக்கு முன்னாடி வர்றது மேல, தாண்டி வந்தது கீழ. போன்ல வழி காட்டுதே, அதுவும் அப்பிடித்தானே காட்டுது?"

அப்படித்தான் காட்டுகிறது. நாம் போகும் திசையைத் திரையின் மேலே வைத்துக் காட்டுகிறது. தெற்கே போனால் தெற்கு மேலே. செல்லக்கண்ணு செய்தது தப்பு இல்லை, வடக்கை மேலே வைப்பது வெறும் வழக்கம். அந்த வழக்கம் அவரிடமும் இருக்கும் என்று நான் எடுத்துக்கொண்டதுதான் தப்பு.

வேறு எந்த ஊராக இருந்தாலும் படத்தைத் தலைகீழாக வைத்தவுடன் மென்பொருள் அலறியிருக்கும். மன்னார்புரத்தைத் தலைகீழாக வைத்துப் பாருங்கள், ரவுண்டானா போய் யார் வீட்டு ஹாலிலாவது உட்காரும். ஸ்ரீரங்கத்தில் அலறாது. நடுவில் கோயில், சுற்றிலும் நீள்சதுரங்கள், நான்கு பக்கத்துக்கும் ஒரே பெயர், மேலும் ஆறு, கீழும் ஆறு. தலைகீழாகத் திருப்பினாலும் மூலைக்கு மூலை பொருந்தும். பந்தல் துணியைத் தலைகீழாகக் கட்டினாலும் நான்கு முடிச்சும் சரியாகத்தான் விழும். அதில் அச்சடித்த யானை மட்டும் காலை மேலே தூக்கிக்கொண்டு தொங்கும். எங்கள் சோதனையும் அப்படித்தான் ஏமாந்தது. குழாய் திரும்புகிற ஒவ்வொரு மூலையிலும் ஒரு வால்வு இருக்கும். எப்படித் திருப்பினாலும் மூலைக்கு ஒரு வால்வு. நாங்கள் எட்டு முடிச்சைச் சரிபார்த்தோம். யானையைப் பார்க்கவே இல்லை.

செபஸ்தியான் சார் என்னைப் பார்த்து மெதுவாகத் தலையை ஆட்டினார். வேண்டாம் என்று அர்த்தம். நஸ்ருல்லா சார் பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டார்.

மே மாதம் நினைவுக்கு வந்தது. வெங்காயமும் நினைவுக்கு வந்தது. செல்லக்கண்ணு அந்தப் பிரின்ட் அவுட்டை ஓரம் மடங்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"சார்," என்றேன், வீதிக்கே கேட்கும்படி. "இவரு மேப்பு சரி. நான்தான் தலைகீழா ஒட்டிட்டேன். நாப்பத்தேழு வால்வையும் வடக்க இருக்கறத தெக்கயும், கெழக்க இருக்கறத மேக்கயும் வெச்சுட்டேன். தப்பு என்னோடது."

"செல்லக்கண்ணு சொன்னதால மாத்துறீங்களா, உங்களுக்கே தெரிஞ்சு மாத்துறீங்களா?" என்றார் நஸ்ருல்லா சார். "ஏன்னா, காலைலயும் நீங்க இதே மாதிரிதான் உறுதியா சொன்னீங்க."

நல்ல கேள்வி. எரிச்சலூட்டும் அளவுக்கு நல்ல கேள்வி.

"அஞ்சு நிமிஷம் கொடுங்க சார். தப்பா இருந்தா மாட்டிக்கற மாதிரி ஒரு சோதனை வெப்போம்."

காலி மனைச் சுவரில் லேப்டாப்பை வைத்து, பன்னிரண்டு முடிச்சையும் அவிழ்த்து, தாளைத் திருப்பிக் கட்டினேன். தேவதர்ஷினி குடை பிடித்தாள். சராசரிப் பிழை இரண்டு மீட்டர் எண்பது. முன்பைவிடக் குறைவு. ஆனால் இந்த முறை நான் கைதட்டவில்லை. அந்த எண்ணின் யோக்கியதை எனக்கு இப்போது தெரியும்.

"சார், வெளிய தெரியற வால்வு எதெதுன்னு செல்லக்கண்ணு அண்ணா நம்பர மட்டும் குறிச்சுத் தரட்டும். அதுல மூலைல இல்லாத மூணை நீங்களே சொல்லுங்க. அதுக்கப்புறம் அவரு வாயத் திறக்கக் கூடாது."

"வாயத் தெறக்கலங்க. சிரிக்கலாமா?" என்றார் செல்லக்கண்ணு.

நஸ்ருல்லா சார் எண்களைத் தேர்ந்தெடுத்தார். ஆறு, இருபத்திரண்டு, நாற்பது. பழைய படத்தின்படி ஆறாம் எண் மேற்குச் சித்திரையில். புதிய படத்தின்படி கிழக்குச் சித்திரையில், வடகிழக்கு மூலையிலிருந்து அறுபத்து நான்கு காலடியில். இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும். அதுதான் சோதனை. தேவதர்ஷினி மூலையிலிருந்து சத்தமாக எண்ணிக்கொண்டே நடந்தாள். அறுபத்து இரண்டாவது அடியில் அவள் செருப்பு இரும்பு மூடியில் இடித்தது. இருபத்திரண்டு, ஒரு பூக்கடைத் தள்ளுவண்டியின் அடியில் இருந்தது. வண்டியைத் தள்ளச் சொன்னதற்கு இரண்டு முழம் கதம்பம் வாங்க வேண்டியிருந்தது. நாற்பது, ஒரு காரின் அடியில். நஸ்ருல்லா சார் தரையில் முழந்தாளிட்டுக் குனிந்து பார்த்து, முட்டியைத் தட்டிக்கொண்டே எழுந்தார்.

"மூணும் சரி. ரோஸ்மில்க் கடை எங்கங்க?"

குடித்துவிட்டுத் திரும்பினோம். புதிய படம் முப்பத்தொன்றாம் எண்ணை ராம்ப்பின் நட்டநடுவில் காட்டியது. மாமி அதன் மேலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"உடைக்கறதா? போன தீபாவளிக்குதான் டைல்ஸ் ஒட்டினோம்," என்றார்.

பக்கத்து வீட்டிலிருந்து ஒரு குரல். "ஆறு வருஷமா நாங்க கொடத்த தூக்கிண்டு அலையறது ஒங்க டைல்ஸுக்காகவா மாமி?"

"எனக்கு மட்டும் தண்ணி வர்றதாக்கும்? நானும்தான் மோட்டார் போட்டு உறிஞ்சறேன்!" என்று சொன்ன பிறகுதான், சொல்லியிருக்கக் கூடாது என்று மாமிக்கே புரிந்தது. குடிநீர்க் குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சுவது சட்டப்படி தப்பு.

"மாமி," என்றேன். "அடியில வால்வு இல்லைன்னா நானே சிமென்ட் பூசித் தரேன். ஆனா இருக்கு."

மாமி செல்லக்கண்ணுவைப் பார்த்தார். அவர் இன்னும் வாயைத் திறக்கக் கூடாது என்றே நின்றுகொண்டிருந்தார். மாமி எழுந்தார். நாற்காலியையும் எடுத்துக்கொண்டார்.

"பெருமாளே தெக்கப் பாத்துண்டுதானே சயனிச்சிண்டு இருக்கார். அவர் திருக்கண்ணுக்கு இவன் மேப்பு நேராத்தான் இருந்திருக்கும். நமக்குத்தான் தெரியல. உடையுங்கோ. அந்த ஓரத்து டைல்ஸ மட்டும் பாத்து."

நான்காவது குத்திலேயே கடப்பாரை இரும்பில் பட்டு 'ணங்' என்றது. அந்தச் சத்தத்துக்குப் பிறகு ரிமோட்டுகளை யாரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை. செல்லக்கண்ணு வண்டியிலிருந்து நீளமான சாவியைக் கொண்டுவந்து இறக்கி, இரண்டு கையாலும் திருப்பினார். துரு முனகியது. கொஞ்ச நேரம் எதுவும் நடக்கவில்லை. பிறகு ஆறு வீட்டுக் குழாய்களும் ஒன்றன்பின் ஒன்றாக இருமின, காற்றைத் துப்பின, செம்மண் நிறத்தில் கொட்டத் தொடங்கின.

"பத்து நிமிஷம் விடுங்க, தெளிஞ்சிடும்," என்றார் செல்லக்கண்ணு, இப்போது சத்தமாகவே.

நஸ்ருல்லா சாரின் மதிப்பீட்டுப் படிவத்தை இரண்டு வாரம் கழித்துப் பார்த்தேன். 'முதல் தோண்டல் தவறு. காரணம்: ஆசிரியர். இரண்டாவது தோண்டல் சரி. காரணம்: அதே ஆசிரியர், தவறை ஒப்புக்கொண்ட பிறகு. இரண்டுக்கும் நடுவில் தெருவில் நடந்ததை முதல் பாடமாக வைத்தால் படிப்பை அனுமதிக்கலாம்.' அனுமதித்துவிட்டார்கள். மூன்று வருடம். செபஸ்தியான் சார் அந்தப் படிவத்தைப் படித்துவிட்டு, தொடக்கத்திலிருந்தே தான் இதைத்தான் சொன்னதாகச் சொன்னார்.

முதல் குழியை மாணவர்கள்தான் மூடினார்கள். கேபிள்காரர் வந்து ஒயரை ஒட்டியபோது எங்கள் துறையைப் பற்றிச் சொன்னதை இங்கே எழுத முடியாது.

போன வாரம் புதிய படிப்பின் முதல் செய்முறை வகுப்பு. செல்லக்கண்ணுவின் தாளை ஸ்கேன் செய்தபடியே கொடுத்தேன். திசை எதுவும் சொல்லவில்லை. பன்னிரண்டு மூலைகளையும் கட்டினார்கள். பிழை மூன்று மீட்டர் நாற்பது என்று வந்தபோது பின்வரிசையில் ஒருவர் கைதட்டினார். சரிபார்க்க ஸ்ரீரங்கம் போனார்கள். சாயங்காலம் உதடெல்லாம் ரோஸ் நிறத்தோடு திரும்பிவந்து, எட்டுக்கு எட்டு சரி என்று சொன்னார்கள்.

"அருமை," என்றேன். "நாளைக்குச் செல்லக்கண்ணு அண்ணா வர்றாரு. அவருகிட்ட காட்டுவோம்."